வெப் சர்வர் சர்வீஸுக்கு டேட்டாபேஸ் வேரியபிள்களைக் கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டெர்மினலில் ஆப்பைக் கையால் ஓட்டினால் டேட்டாபேஸ் இணைகிறது. அதே ஆப்பை சர்வீஸாக ஏற்றினால், பாஸ்வேர்டே வரவில்லை என்று லாகில் எரர் விழுகிறது. ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில், பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வேரியபிளாக வைக்கும் எக்ஸ்போர்ட் வரி இருக்கிறது, எக்கோ போட்டால் மதிப்பும் வருகிறது. சர்வீஸுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. இந்த இடத்தில் பொறுமை இழந்து பாஸ்வேர்டை நேரடியாகக் கோடுக்குள்ளேயே எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கோடு கிட் (கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) களஞ்சியத்துக்குப் போனால் பாஸ்வேர்டும் கூடவே போகிறது. பின்னால் அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்களில் அது அப்படியே இருக்கும். அந்த நிலைக்குப் போகாமலே இதைத் தீர்க்கலாம்.

சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடும் லினக்ஸ் சர்வர்களை (டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ரெட் ஹாட் வகையறா) மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் தருகிறேன். தட்டும்போது கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்திலும், வேரியபிள் பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்திலும் தட்டுங்கள். எடுத்துக்காட்டு சர்வீஸின் பெயர் மைஆப்.

முதலில் ஒரு கேள்வி: இந்தப் பிராசஸைத் தொடங்குவது யார்?

லினக்ஸில் ஒரு பிராசஸ் (ஓடும் நிரல்) தொடங்கும்போது, அதைத் தொடங்கிவைக்கும் பிராசஸ் ஒரு வேரியபிள் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இதுதான் ஏற்பாடு. புதிய பிராசஸுக்குக் கிடைப்பது ஒரு நகல் மட்டுமே. அதன்பின் நீங்கள் வெளியே எதை எக்ஸ்போர்ட் செய்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் நகல் மாறாது.

இப்போது சிஸ்டம்டிக்கான கட்டளையான சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கொடுக்கும்போது நடப்பதைப் பாருங்கள். உங்கள் ஷெல் ஆப்பைத் தொடங்குவதில்லை. பிராசஸ் எண் 1 ஆக ஓடும் சிஸ்டம்டியிடம் "இந்த சர்வீஸைத் தொடங்கு" என்று ஒரு செய்தி போகிறது, அவ்வளவுதான். ஆப்பைத் தொடங்குவது சிஸ்டம்டி. அதற்கு உங்கள் பாஷ்ஆர்சி, புரொஃபைல் எதுவும் தெரியாது. இடிசி கோப்புறையில் இருக்கும் என்விரான்மென்ட் ஃபைலும் இங்கே உதவாது. யாராவது லாகின் செய்யும்போது லாகினைச் சரிபார்க்கும் பேம் அமைப்பு படிக்கிற ஃபைல் அது, சர்வீஸ்கள் லாகின் செய்வதில்லை.

ஆகவே ஒவ்வொரு சூழலிலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். தொடங்குகிறவர் யாரோ அவரிடம் வேரியபிளைக் கொடுக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து வருபவையே.

படி 1: டேட்டாபேஸோடு பேசுகிற பிராசஸைக் கண்டுபிடியுங்கள்

முன்னால் நிற்கும் வெப் சர்வரும் டேட்டாபேஸோடு பேசும் ஆப்பும் பெரும்பாலும் வேறு வேறு பிராசஸ்கள். என்ஜின்எக்ஸ் வெறுமனே கோரிக்கையை வாங்கிப் பின்னால் தள்ளுகிறது. டேட்டாபேஸ் இணைப்பைத் திறப்பது ஆப்பின் கோடை ஓட்டும் குனிகார்ன், பிஎச்பி-எஃப்பிஎம், நோட், பியூமா போன்ற ஒன்று. என்ஜின்எக்ஸ் சர்வீஸுக்கு வேரியபிளைக் கொடுத்துவிட்டு ஆப்புக்கு வரவில்லையே என்று தேடுவது வீண் வேலை. போதாக்குறைக்கு, என்ஜின்எக்ஸ் தனக்கு வரும் வேரியபிள்களில் நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் தவிர மற்றதையெல்லாம் இயல்பாகவே நீக்கிவிடும்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஆப் என்று கொடுத்தால், அந்த சர்வீஸின் கீழ் ஓடும் பிராசஸ்கள் மரம் போலக் காட்டப்படும். ஆப்பின் கோடை ஓட்டும் பிராசஸ் எந்த சர்வீஸின் கீழ் இருக்கிறதோ, அந்த சர்வீஸுக்குத்தான் வேரியபிள்கள் போக வேண்டும்.

படி 2: ஃபைலை உருவாக்குங்கள், பூட்டுங்கள், பிறகு எழுதுங்கள்

வரிசை முக்கியம். முதலில் வெற்று ஃபைல், அடுத்து அனுமதி, கடைசியில்தான் பாஸ்வேர்டு.

சூடோ எம்கேடிர் /இடிசி/மைஆப்
சூடோ டச் /இடிசி/மைஆப்/டிபி.என்வ்
சூடோ சிஎச்மோட் 600 /இடிசி/மைஆப்/டிபி.என்வ்

ஃபைலின் உரிமையாளர் ரூட்டாகவே இருக்கட்டும். "ஆப் வேறு யூசரில் ஓடுகிறதே, அதற்குப் படிக்க அனுமதி வேண்டாமா?" என்று தோன்றும். வேண்டாம். இந்த ஃபைலைப் படிப்பது ரூட்டாக ஓடும் சிஸ்டம்டி. படித்து முடித்த பிறகுதான் ஆப்பின் யூசருக்கு மாறுகிறது. ஆப்புக்குள் யாராவது புகுந்து ஃபைல்களைப் படிக்கிற ஓட்டையைக் கண்டுபிடித்தாலும் இந்த ஃபைலை நேரடியாகத் திறக்க முடியாது.

எக்கோ கட்டளையால் பாஸ்வேர்டை ஃபைலுக்குள் தள்ளாதீர்கள், ஷெல் வரலாற்றில் பதிந்துவிடும். எடிட்டரில் திறந்து எழுதுங்கள்:

டிபி_ஹோஸ்ட்=127.0.0.1
டிபி_போர்ட்=5432
டிபி_நேம்=மைஆப்
டிபி_யூசர்=மைஆப்_யூசர்
டிபி_பாஸ்வேர்டு='கடல்#நிலா@காற்று'

5432 போஸ்ட்கிரெஸின் போர்ட். மைஎஸ்க்யூஎல் என்றால் 3306. ஹோஸ்டுக்கு நான் 127.0.0.1 என்று எண்ணாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்கள் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைப் பார்த்தால் டிசிபி போர்ட்டை விட்டுவிட்டு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும். சாக்கெட் வேறு இடத்தில் இருந்தால், போர்ட் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்காது.

பெயர்களை ஆப் எதிர்பார்க்கிறபடியே வையுங்கள். போஸ்ட்கிரெஸின் லிப்பிக்யூ நூலகத்தைப் பயன்படுத்தும் ஆப் என்றால் பிஜிஹோஸ்ட், பிஜிபோர்ட், பிஜிடேட்டாபேஸ், பிஜியூசர் என்ற பெயர்களை அது தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆப்பில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

ஆப்பின் கோப்புறைக்குள், அதிலும் இணையத்துக்குத் திறந்திருக்கும் கோப்புறைக்குள், இந்த ஃபைல் இருக்கவே கூடாது. டாட் என்வ் என்ற பெயரை எல்லாத் தளங்களிலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. எந்த சர்வரின் அணுகல் லாகைத் திறந்தாலும் அந்தத் தட்டல்கள் தெரியும்.

படி 3: சர்வீஸோடு ஃபைலை இணையுங்கள்

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் மைஆப்

எடிட்டர் திறக்கும். புதிய பதிப்புகளில் # குறியோடு தொடங்கும் சில குறிப்பு வரிகள் இருக்கும். மேலே உள்ள குறிப்புகளுக்கும், கீழே எழுதுவது நீக்கப்படும் என்று சொல்லும் அடுத்த குறிப்புக்கும் நடுவில் எழுதுவது மட்டுமே சேமிக்கப்படும். எழுத வேண்டியது:

[சர்வீஸ்]
என்விரான்மென்ட்ஃபைல்=/இடிசி/மைஆப்/டிபி.என்வ்

இது போன்ற சிஸ்டம்டி அமைப்புப் பெயர்களில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தலைப்பு வரியை விட்டுவிட்டால் கீழே உள்ள வரி எந்தப் பகுதிக்கு உரியது என்று சிஸ்டம்டிக்குத் தெரியாது, ஒதுக்கிவிடும்.

இப்படிச் சேமித்தது /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறைக்குள், மைஆப்.சர்வீஸ்.டி என்ற துணைக் கோப்புறையில், ஓவர்ரைடு.கான்ஃப் என்ற தனி ஃபைலாக உட்காரும். பேக்கேஜோடு வந்த மூல சர்வீஸ் ஃபைலைத் தொடாதீர்கள். அடுத்த அப்டேட்டில் நீங்கள் எழுதியது காணாமல் போகும்.

பாதைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், ஃபைல் இல்லாவிட்டாலும் சர்வீஸ் தொடங்கிவிடும். டேட்டாபேஸ் விவரங்களுக்கு அதைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. ஃபைல் இல்லையென்றால் சர்வீஸ் தொடங்காமல் நிற்பதுதான் நல்லது. அரைகுறையாகத் தொடங்கி, ஒவ்வொரு கோரிக்கையிலும் எரர் காட்டிக்கொண்டிருக்கும் ஆப்பில் காரணத்தைத் தேடுவது பெரும்பாடு.

ஃபைல் இல்லாமல், என்விரான்மென்ட்= என்று சர்வீஸுக்குள்ளேயே நேரடியாக எழுதும் வழியும் இருக்கிறது. ஹோஸ்ட், போர்ட் மாதிரி ரகசியமில்லாதவற்றுக்கு அது போதும். பாஸ்வேர்டுக்கு வேண்டாம்: அப்படி எழுதிய மதிப்பை அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எந்தச் சாதாரண யூசரும் சிஸ்டம்சிடிஎல் ஷோ கொடுத்துப் பார்த்துவிடலாம். ஒரே பெயர் இரண்டு இடத்திலும் இருந்தால், ஃபைலில் உள்ள மதிப்பே நிற்கும்.

சர்வீஸைத் தொடங்கும் கட்டளை வரியில் பாஸ்வேர்டை ஆர்க்யூமென்ட்டாகக் கொடுப்பது இன்னும் மோசம். சாதாரண அமைப்பில் பிஎஸ் கட்டளை போட்டாலே எல்லோருக்கும் தெரியும்.

படி 4: மதிப்பு எழுதும்போது கவனிக்க வேண்டியவை

இந்த ஃபைல் பார்ப்பதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் போலவே இருக்கும். ஆனால் அதைப் படிப்பது ஷெல் இல்லை. பெரும்பாலான சிக்கல்கள் இதில்தான் கிளம்புகின்றன.

வரியின் முன்னால் எக்ஸ்போர்ட் என்று எழுதினால் அந்த வரியே செல்லாது. தவறான வரி என்று லாகில் ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு சிஸ்டம்டி அடுத்த வரிக்குப் போய்விடும். ஷெல் ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

வரியின் தொடக்கத்தில் இருக்கும் # மட்டுமே குறிப்பாகக் கருதப்படும். போர்ட் வரியில் 5432-க்குப் பின்னால் # போட்டு "போஸ்ட்கிரெஸ்" என்று குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பும் சேர்ந்துதான் போர்ட்டின் மதிப்பு. ஆப் அதை எண்ணாக மாற்றப் போய் விழும்.

ஒரு வேரியபிளுக்குள் இன்னொரு வேரியபிளின் மதிப்பைச் செருக முடியாது. டாலர் குறி போட்டால் டாலர் குறியாகவே போகும். அதே ஃபைலை ஷெல்லிலோ வேறு நூலகத்திலோ ஏற்றினால் டாலர் விரிவடையும். பாஸ்வேர்டில் டாலர் இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிக்கும். கன்டெய்னர்களை (ஆப்பைத் தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் பெட்டிகளை) ஓட்டும் டாக்கரின் ரன் கட்டளைக்கு என்வ்-ஃபைலாகக் கொடுக்கும்போது மட்டும் அந்த மேற்கோள் குறிகளும் மதிப்போடு சேர்ந்துவிடும். சிஸ்டம்டிக்கும் டாக்கருக்கும் ஒரே ஃபைலைப் பகிர வேண்டாம்.

அடுத்தது விழுக்காட்டுக் குறி. ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரே முகவரியாகச் சேர்த்து டேட்டாபேஸ்_யூஆர்எல் என்று ஒரே வேரியபிளில் கொடுக்கும் வழக்கம் பல ஃப்ரேம்வொர்க்குகளில் உண்டு. அந்த முகவரியில் @ என்பது பாஸ்வேர்டுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவிலுள்ள எல்லை. பாஸ்வேர்டுக்குள்ளேயே @ இருந்தால் எல்லை குழம்பும். அதனால் @ என்பதை %40 என்றும், # என்பதை %23 என்றும் மாற்றி எழுத வேண்டும். மேலே பார்த்த பாஸ்வேர்டு இப்படி ஆகும்:

கடல்%23நிலா%40காற்று

தனி ஃபைலில் இதை இப்படியே எழுதலாம். சர்வீஸுக்குள் என்விரான்மென்ட்= வரியில் எழுதினால், சிஸ்டம்டி விழுக்காட்டுக் குறியைத் தனக்கான குறியீட்டின் தொடக்கமாகப் படிக்கும். அங்கே ஒவ்வொரு விழுக்காட்டுக் குறியையும் இரட்டிக்க வேண்டும்:

கடல்%%23நிலா%%40காற்று

பாஸ்வேர்டை உருவாக்கும் அதிகாரம் உங்களிடம் இருந்தால், எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்த நீளமான பாஸ்வேர்டாக வைத்துவிடுங்கள். நீளம் பலத்தைத் தரும், இந்தக் குறிச் சிக்கல்கள் எதுவும் வராது.

படி 5: ரீஸ்டார்ட் செய்து, கண்ணால் பாருங்கள்

சர்வீஸ் ஃபைலைக் கையால் மாற்றியிருந்தால் முதலில் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட். எடிட் கட்டளை வழியாகப் போனால் அது தானாக நடந்துவிடும். பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் மைஆப்

ரீலோட் போதாது. ரீலோட் கொடுத்தால் பழைய பிராசஸுக்கு ஒரு சிக்னல் போகும், அவ்வளவே. குனிகார்னில் ரீலோட் செய்தால் கோரிக்கைகளைக் கையாளும் வொர்க்கர்கள் புதிதாக வருவார்கள், ஆனால் அவர்களைத் தொடங்குவது பழைய மாஸ்டர் பிராசஸ். அதன் கையில் இருப்பது பழைய பட்டியல்.

இப்போது சரிபார்ப்பு. சிஸ்டம்சிடிஎல் ஷோ மைஆப் கொடுத்து மெயின்பிஐடி (சர்வீஸின் முதன்மைப் பிராசஸின் எண்) என்ற வரியைப் பாருங்கள். எண் 4821 என்று வைத்துக்கொள்வோம். கர்னல் அந்த எண்ணின் பெயரில் ஒரு கோப்புறை வைத்திருக்கும். அதற்குள் இருக்கும் என்விரான் ஃபைலில் அந்தப் பிராசஸ் தொடங்கும்போது பெற்ற பட்டியல் அப்படியே கிடக்கும். வரிகள் வெற்று பைட்டால் பிரிக்கப்பட்டிருப்பதால் அவற்றை வரிமுறிவாக மாற்றிப் படிக்க வேண்டும்:

சூடோ கேட் /பிராக்/4821/என்விரான் | டிஆர் '\0' '\என்' | கட் -டி= -எஃப்1

கடைசியில் இருக்கும் கட் பகுதி சமக்குறிக்கு முன்னால் உள்ள பெயர்களை மட்டும் காட்டும். பாஸ்வேர்டு திரையில் விழாது. திரையைப் பகிர்ந்துகொண்டே வேலை செய்யும்போது இது மிக உதவும். பட்டியலில் டிபி_பாஸ்வேர்டு இருந்தால் சிஸ்டம்டி தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் சிக்கல் இருந்தால் அது ஆப்பில்தான். சிஸ்டம்சிடிஎல் ஷோ கொடுத்து என்விரான்மென்ட் வரியைப் பார்த்து, ஃபைலில் உள்ளது அங்கே இல்லையே என்று பதற வேண்டாம். ஃபைல் வழியாக வந்தவை அந்த வரியில் தெரியாது.

டேட்டாபேஸின் எரரையும் நிதானமாகப் படியுங்கள். மைஎஸ்க்யூஎல் அணுகலை மறுக்கும்போது கடைசியில் "யூசிங் பாஸ்வேர்டு: நோ" என்று போட்டால் பாஸ்வேர்டு வந்து சேரவே இல்லை, "எஸ்" என்று போட்டால் ஏதோ ஒன்று வந்தது, அது ஒத்துப்போகவில்லை. போஸ்ட்கிரெஸிலும் "பாஸ்வேர்டு கொடுக்கப்படவில்லை" என்பதும் "பாஸ்வேர்டு சரிபார்ப்பு தோற்றது" என்பதும் தனித்தனி எரர்கள். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் பாஸ்வேர்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஹோஸ்டையும் போர்ட்டையும் பாருங்கள்.

ஆப்பின் கோடில், வேரியபிள் இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும்படி இயல்பு மதிப்பு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் வேரியபிள் வராததே தெரியாமல் ஆப் வேறொரு டேட்டாபேஸைத் தேடிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் விவரங்களுக்கு இயல்பு மதிப்பே வேண்டாம். இல்லையென்றால் தொடக்கத்திலேயே எரர் போட்டு நிற்கட்டும்.

பிஎச்பி-எஃப்பிஎம்

இங்கே நடுவில் இன்னொருவர் இருக்கிறார். சிஸ்டம்டி எஃப்பிஎம் மாஸ்டரைத் தொடங்குகிறது. மாஸ்டர் வொர்க்கர்களைத் தொடங்குகிறது. தன்னிடம் வந்த வேரியபிள்களை வொர்க்கர்களுக்குக் கொடுக்காமல் துடைத்துவிடுவது எஃப்பிஎம்மின் இயல்பு. கிளியர்_என்வ் என்ற அமைப்பு சொல்லாமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் மேலே சொன்ன படிகளை எஃப்பிஎம் சர்வீஸுக்குச் செய்துவிட்டு, பூல் (வொர்க்கர்களின் குழு) அமைப்பு ஃபைலில் தேவையானவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுப்புங்கள்:

என்வ்[டிபி_ஹோஸ்ட்] = $டிபி_ஹோஸ்ட்
என்வ்[டிபி_பாஸ்வேர்டு] = $டிபி_பாஸ்வேர்டு

கிளியர்_என்வ் அமைப்பையே அணைத்துவிட்டாலும் வேலை நடக்கும். ஒரே சர்வரில் பல தளங்கள் தனித்தனி பூல்களாக ஓடினால் அப்படிச் செய்யாதீர்கள், ஒரு தளத்தின் பாஸ்வேர்டு எல்லாத் தளங்களுக்கும் போய்விடும்.

பிஎச்பி கோடில் கெட்என்வ் செயல்கூறு மதிப்பைத் தந்து, என்வ் அரே மட்டும் காலியாக இருந்தால், பிஎச்பி.ஐஎன்ஐ-யில் வேரியபிள்ஸ்_ஆர்டர் அமைப்பில் "இ" என்ற எழுத்து இல்லை என்று அர்த்தம். லாராவெல் ஃப்ரேம்வொர்க் என்றால் இன்னொன்று: கான்ஃபிக் கேஷ் செய்த பிறகு மதிப்புகள் கேஷில் உறைந்துவிடும். வேரியபிளை மாற்றினால் கேஷை மறுபடி உருவாக்க வேண்டும். பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைச் சோதனைக்கு வைத்திருந்தால் இன்றே நீக்குங்கள், அது வேரியபிள்களை எல்லோருக்கும் அச்சடித்துக் காட்டும்.

அப்பாச்சி

ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் சிஸ்டம்டி எச்டிடிபிடி-யை நேரடியாகத் தொடங்குகிறது. படி 3 அப்படியே பொருந்தும். டெபியன், உபுண்டுவில் நடுவே அப்பாச்சியின் கட்டுப்பாட்டு ஸ்கிரிப்ட் ஒன்று வந்து, இடிசி அப்பாச்சி2 கோப்புறையின் என்வ்வார்ஸ் ஃபைலை ஷெல்லாகப் படிக்கிறது. ஆகவே அங்கே எக்ஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். அந்த ஃபைலில் பாஸ்வேர்டு எழுதினால் மற்ற யூசர்கள் படிக்க முடியாதபடி அனுமதியை 640 ஆக இறுக்குங்கள்.

விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் செட்என்வ் எழுதும் வழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டும் மாட்-பிஎச்பிக்கு அது சரி. பைத்தானை மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ வழியாக ஓட்டினால் அது வேலைக்காகாது. செட்என்வ் கொடுப்பது ஒவ்வொரு கோரிக்கையோடும் வரும் தகவல். பிராசஸின் பட்டியலில் அது சேராது. பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் செட்டிங்ஸ் ஃபைல் பிராசஸின் பட்டியலையே ஓஎஸ்.என்விரான் வழியாகப் படிப்பதால், செட்என்வ் கொடுத்தது அங்கே இருக்காது.

டாக்கர்

கன்டெய்னர் உருவாகும்போதே வேரியபிள்கள் உறைந்துவிடும். டாக்கர் ரீஸ்டார்ட் செய்தால் பழைய மதிப்பே வரும். டாக்கர் கம்போஸ் அப் கொடுத்துக் கன்டெய்னரையே புதிதாக உருவாக்க வேண்டும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், ஆகவே ஹோஸ்டாக டேட்டாபேஸ் சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். அதிகாரபூர்வ போஸ்ட்கிரெஸ் இமேஜில் போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்டு என்பது டேட்டா கோப்புறை காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே செல்லும். பிறகு அதை மாற்றினாலும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு மாறாது.

பாஸ்வேர்டை வேரியபிளிலிருந்தே வெளியே எடுக்க விரும்பினால்

வேரியபிள்கள் அடுத்தடுத்த பிராசஸ்களுக்கு நகலாகிக்கொண்டே போகும். படம் சுருக்க உங்கள் ஆப் கூப்பிடும் ஒரு சின்ன நிரலின் கையிலும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும். ரகசியங்களுக்கு வேரியபிள் ஏற்றதல்ல என்று சிஸ்டம்டியின் ஆவணமே எச்சரிக்கிறது. 2020-ல் வந்த 247-ஆம் பதிப்பிலிருந்து லோட்கிரெடென்ஷியல் என்ற வழி உண்டு:

லோட்கிரெடென்ஷியல்=டிபிபாஸ்:/இடிசி/மைஆப்/டிபிபாஸ்

பாஸ்வேர்டு மட்டும் உள்ள அந்த ஃபைலை, சர்வீஸ் ஓடும் வரை அந்த சர்வீஸுக்கு மட்டும் படிக்கக் கிடைக்கும்படி ஒரு தனிக் கோப்புறையில் சிஸ்டம்டி வைக்கும். அந்தக் கோப்புறையின் பாதை கிரெடென்ஷியல்ஸ்_டைரக்டரி என்ற வேரியபிளில் வரும். ஆப்பில் இரண்டு மூன்று வரி மாற்றினால் போதும். ஆப் உங்களுடையது என்றால் இதையே செய்யுங்கள் என்பேன். மாற்ற முடியாத ஆப் என்றால் 600 அனுமதி உள்ள ஃபைலே போதுமான காவல்.

பாஸ்வேர்டை மாற்றும் நாளில்

டேட்டாபேஸில் பழையதை மாற்றிவிட்டு ஃபைலுக்கு ஓடினால், நடுவில் வரும் புதிய இணைப்புகள் எல்லாம் தோற்கும். மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல் ஒரே யூசருக்கு இரண்டு பாஸ்வேர்டு வைக்கலாம்: ஆல்ட்டர் யூசர் கட்டளையில் "ரீடெய்ன் கரன்ட் பாஸ்வேர்டு" சேர்த்தால் பழையதும் செல்லும். போஸ்ட்கிரெஸில் அதே உரிமைகளோடு இரண்டாவது ரோல் (யூசர் கணக்கு) ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். புதிய மதிப்பை டிபி.என்வ் ஃபைலில் எழுதி, ரீஸ்டார்ட் செய்து, மெயின்பிஐடியின் பட்டியலைப் பாருங்கள். கிரான் வேலைகள், பின்னணி வொர்க்கர்கள், பேக்கப் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் தனித்தனி சர்வீஸ்களாக இருந்தால் ஒவ்வொன்றையும் மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போதைய இணைப்புகளைக் காட்டும் போஸ்ட்கிரெஸின் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பழைய ரோலின் பெயரில் இணைப்பு எதுவும் இல்லையென்று உறுதியானதும் அதை உடனே நீக்கிவிடாமல் முதலில் நோலாகின் (லாகின் செய்ய முடியாத ரோல்) ஆக்குங்கள். மறந்துபோன ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் அப்போது லாகில் தெரியும், ரோலைத் திறந்துவிட்டு அதையும் சரிசெய்ய வாய்ப்பிருக்கும். பிறகு ரோலை நீக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் அதற்கு இணையான கடைசிக் கட்டளை "டிஸ்கார்ட் ஓல்டு பாஸ்வேர்டு".